‘நவல’: ஓர் ஆங்கிலச் சொல்லின் தெலுங்கு வாழ்வு

ஒரு மொழியிலுள்ள சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேரான சொல்லைக் காண்பது அகராதி தொகுப்போரின் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அன்றாடப் பொருள்களின் பெயர்களைப் பொறுத்தவரை இக்கருத்து ஓரளவிற்குப் பொருந்தும். ஆயின், இலக்கிய வடிவம் ஒன்றின் பெயரை மொழிபெயர்க்க முற்படும்போது நிலைமை வேறாகிவிடுகின்றது. அவ்வடிவத்தை எவ்வாறு வாசிக்கவேண்டும், அதனிடம் எதனை எதிர்பார்க்கவேண்டும், எந்த அளவுகோல் கொண்டு அதனை மதிப்பிடவேண்டும் என்பனவற்றையெல்லாம் பெயரே மறைமுகமாகத் தீர்மானித்துவிடுகின்றது. தமிழில் நாம் ‘நாவல்’ என்று வழங்கும் ஆங்கிலச் சொல், தெலுங்கிலே ‘நவல’ என வழங்கலான வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அச்சொல்லின் பொருளையும் பிரயோகத்தையும் ஆராய்வதன்மூலம், கலைச்சொல்லாக்கம் பற்றியும் திறனாய்வு பற்றியும் நாம் அறிந்துகொள்ளத்தக்க சில உண்மைகளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஆங்கிலச் சொல்லின் இயல்பை நோக்குவோம். ஆங்கிலத்தில் அச்சொல் பெயராகவும் பெயரடையாகவும் வழங்குகின்றது. பெயரடையாக வரும்போது ‘புதுமையான’, ‘முன்னர்க் கண்டிராத’ என்று பொருள்படும். பெயராக வரும்போது நீண்ட உரைநடைப் புனைகதையைக் குறிக்கும். இத்தாலிய மொழியில் ‘புதிய செய்தி’, ‘சிறு கதை’ என்னும் பொருள்களில் வழங்கிய ‘நொவெல்லா’ என்பதனோடு அது தொடர்புடையது. ஆயினும், ஆங்கிலத்தில் அது நிலைபெற்ற காலத்தில், புதுமை என்னும் மூலப்பொருளைக் காட்டிலும் வேறொரு பொருளே முதன்மை பெற்றது. வீரதீரச் செயல்களையும் அற்புத நிகழ்ச்சிகளையும் கூறும் ‘ரொமான்ஸ்’ என்னும் வகைக்கு மாறாக, வாசகர் வாழும் காலத்து நடைமுறை வாழ்க்கையையும் பழக்கவழக்கங்களையும் சித்திரிப்பது என்பதே அப்பொருளாகும். 1785ஆம் ஆண்டில் கிளாரா றீவ் என்னும் எழுத்தாளர் இவ்விரு வகைகளுக்குமிடையேயுள்ள வேறுபாட்டினை விரிவாகவே விளக்கியுள்ளார். ஆகவே, ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்க விழைபவர் முன்னே இரு வழிகள் இருந்தன. ஒன்று, சொல்லின் பிறப்பை, அதாவது ‘புதுமை’யை மொழிபெயர்ப்பது, மற்றையது, சொல்லின் பயனை, அதாவது ‘வாழ்க்கைச் சித்திரம்’ என்பதை மொழிபெயர்ப்பது.

தெலுங்கில் இச்சிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே எழுந்தது. கொக்கொண்ட வேங்கடரத்நம் பந்துலு பாணரின் ‘காதம்பரி’க் கதையைத் தழுவி ‘மகாசுவேத’ என்னும் உரைநடை நூலை 1867இல் எழுதத் தொடங்கினார். நரஹரி கோபாலகிருஷ்ணம செட்டியின் ‘ஸ்ரீ ரங்கராஜ சரித்ர’ 1872இல் வெளிவந்தது. அதற்கு ‘சோனாபாயி பரிணயமு’ என்னும் மறுபெயரும் உண்டு. அதன்பின், கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவின் ‘ராஜசேகர சரித்ரமு’ அவருடைய ‘விவேகவர்த்தனி’ இதழிலே 1878ஆம் ஆண்டு முதல் தொடராக வந்து, 1880இல் நூலுருவம் பெற்றது. ‘விவேகசந்திரிக’ என்பது இதன் மறுபெயர்.

இந்நூல்களை எப்பெயரால் அழைப்பது? கோபாலகிருஷ்ணம செட்டி தமது நூலை ‘நவீனப் பிரபந்தம்’ என்றார். வீரேசலிங்கமோ தமது நூலை ‘வசனப் பிரபந்தம்’ என்றார். இவ்விரு பெயர்களிலும் பொதுவாயமைந்த ‘பிரபந்தம்’ என்பதன் தெலுங்குப் பொருளை இவ்விடத்து மனங்கொள்ளுதல் வேண்டும். தமிழ் மாணவருக்குப் பிரபந்தம் என்றவுடன் சிற்றிலக்கிய வகைகளும், நாலாயிர திவ்வியப் பிரபந்தமுமே நினைவுக்கு வரும். தெலுங்கிலோ அது கிருஷ்ணதேவராயர் காலத்திலே சிறப்புற்ற பெருங்காப்பிய வகையின் பெயர். பெத்தனவின் ‘மனுசரித்ரமு’, ராமராஜ பூஷணரின் ‘வசுசரித்ரமு’ போன்றவை அவ்வகையின. நகர், கடல், மலை, பருவம், கதிரெழுச்சி முதலான பதினெண் வருணனைகளும், சிருங்கார ரசத்தின் மேலோங்கலும், சொல்லணியின் செழிப்பும் அதன் இலக்கணமாகக் கொள்ளப்பட்டன.

எனவே, ‘வசனப் பிரபந்தம்’ என்று ஒரு நூலுக்குப் பெயரிடுவது, அது பிரபந்தமே, ஆயின் செய்யுளுக்குப் பதிலாக உரைநடையில் அமைந்தது என்று கூறுவதாகும். ‘நவீனப் பிரபந்தம்’ என்பது, அது பிரபந்தமே, ஆயின் இக்காலத்திற்குரியது என்று கூறுவதாகும். இரண்டிலும் புதிய வடிவம் பழைய வடிவத்தின் ஒரு திரிபாகவே கருதப்பட்டது. தமிழிலும் ‘வசன காவியம்’ என்னும் தொடர் இதனையொத்த மனப்பாங்குடன் வழங்கியமை ஒப்புநோக்கத்தக்கது. இப்பெயர்கள் நூலாசிரியரது கையையும் ஓரளவு கட்டுப்படுத்தின எனலாம். ‘ராஜசேகர சரித்ரமு’ தவளேசுவரத்தையும் கோதாவரியையும் பற்றிய விரிவான வருணனையுடன் தொடங்குகின்றது. நடை பெரிதும் இலக்கண மரபு தழுவியது. ஆனால், அவ்வருணனைக்குப் பின்னே வருவது பிரபந்தத்திற்குரிய அரசகுமாரனது காதல் அன்று. முகத்துதி செய்வோரை நம்பியும், இரசவாதத்தால் பொன் செய்யலாம் என்று மயங்கியும் செல்வமிழக்கும் ஒரு குடும்பத் தலைவனின் வீழ்ச்சியும் மீட்சியுமே கதை. சோதிடம், பேய் பற்றிய அச்சம், பெண்களின் நிலை முதலிய சமுதாயப் பிரச்சினைகள் அதன் உள்ளீடாகும். ஒலிவர் கோல்ட்ஸ்மித்தின் ‘வேக்ஃபீல்டின் பாதிரியார்’ (1766) என்னும் நாவலின் தூண்டுதலால் எழுந்த இந்நூல், ஹட்சின்சன் என்பவரால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1887இல் இலண்டனில் வெளிவந்தது. ஆங்கில நாவல் ஒன்றின் தாக்கத்தால் தெலுங்கிலே ‘பிரபந்தம்’ என்ற பெயருடன் பிறந்த நூல், மீண்டும் ஆங்கிலத்தை அடைந்தபோது நாவலாகவே கொள்ளப்பட்டது. பொருள் மாறவில்லை, பெயரே மாறியது.

இந்நிலையிலேதான் ‘நவல’ என்னும் சொல் தோன்றியது. அதனை ஆக்கியவர் காசீபட்ட பிரம்மய்ய சாஸ்திரி. அவர் மரபுவழிக் கல்வியில் தேர்ந்த பண்டிதர். வீரேசலிங்கத்தின் கருத்துகளோடு பலவாறு முரண்பட்டவர். ‘ராஜசேகர சரித்ரமு’வைத் திறனாய்ந்து எழுதியபோதே அவர் இச்சொல்லைக் கையாண்டார் என்பது தெலுங்கிலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடும் செய்தியாகும். இவ்வுண்மை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நூலை ஆக்கியவர் சீர்திருத்தவாதி. அவர் தம் புதிய படைப்புக்குப் பழைய பெயரைச் சூட்டினார். திறனாய்ந்தவர் மரபுவாதி, அவரே அதற்குப் புதிய பெயரைத் தேடினார். இதனை முரண்பாடு என்று கருதத் தேவையில்லை. பிரபந்தம் என்பதன் இலக்கணத்தை நன்கறிந்த பண்டிதருக்குத்தான், தம் முன்னே உள்ள நூல் பிரபந்தம் அன்று என்பது தெளிவாகத் தெரியும். மரபறிவு புதுமையை மறுப்பதற்கு மட்டுமன்றி, அதனை இனங்காண்பதற்கும் துணைசெய்யும் என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

‘நவல’ என்னும் சொல்லின் அமைப்பை இனி நோக்குவோம். ‘நவ’ என்னும் வடசொல்லடியாக, ‘புதிய விசேடங்களைக் கொள்வது’ என்று அதற்குப் பொருள் விளக்கம் கூறப்பட்டது. ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் அது பெரிதும் ஒத்திருக்கின்றது. ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளாகிய புதுமையையும் அது தாங்கி நிற்கின்றது. எனவே, இதனைக் கடன்சொல் என்பதா, மொழிபெயர்ப்பு என்பதா என்ற வினா எழும். இவ்வினாவிற்குத் தெலுங்கு இலக்கணமே விடை தருகின்றது. ஆங்கிலத்திலிருந்து தெலுங்கிற் புகும் சொற்கள் பெரும்பாலும் ஈற்றில் உகரம் பெறும். ‘பஸ்ஸு’, ‘பென்னு’ என்பன போல. ‘நவல’ அவ்வாறு அமையவில்லை. ‘கதா’ என்னும் வடசொல் தெலுங்கில் ‘கத’ எனக் குறுகி, தொகைச் சொற்களில் மட்டும் ‘கதா சாகித்யம்’ என நெடிலாக மீளுவது போலவே, ‘நவல’ என்பதும் தொகையில் ‘நவலா சாகித்யம்’, ‘நவலாகாருடு’ என நெடிலாகின்றது. ‘கதலு’ என்பது போன்றே ‘நவலலு’ எனப் பன்மை பெறுகின்றது. அதாவது, ஒலியால் ஆங்கிலத்தை நினைவூட்டும் இச்சொல், இலக்கண நடத்தையால் ‘கத’ என்பதன் உடன்பிறப்பாகிவிட்டது. பிரம்மய்ய சாஸ்திரி கூறிய சொற்பிறப்பு மொழிநூல் நோக்கில் எவ்வளவு ஏற்புடையது என்பது வேறு. அவ்விளக்கம் இச்சொல்லுக்குத் தெலுங்கில் ஓர் உரிமைச்சீட்டை வழங்கியது என்பதே இங்கு முக்கியமானது. பண்டிதர் அதனை அந்நியச் சொல் என்று தள்ளவில்லை. ஆங்கிலம் கற்றோர் அதனைப் புரியாத சொல் என்று ஒதுக்கவில்லை.

அண்டை மொழிகளோடு ஒப்பிடும்போது இத்தெரிவின் தனித்தன்மை மேலும் புலனாகும். வங்காளத்திலும் ஹிந்தியிலும் ‘உபன்யாஸ்’ என்ற சொல் நிலைபெற்றது. கன்னடத்திலும் மராத்தியிலும் பாணரது நூலின் பெயரே பொதுப்பெயராகிக் ‘காதம்பரி’ என வழங்கலாயிற்று. குஜராத்தியில் ‘நவல்கதா’ என்றும், சிங்களத்தில் ‘நவகதாவ’ என்றும் புதுமைப் பொருள்பட அமைத்துக்கொண்டனர். மலையாளமும் தமிழும் ஆங்கில ஒலியையே ஏற்றன. தெலுங்கிற்கு இவ்வழிகளிற் சில அடைபட்டிருந்தன. வங்காள நாவல்கள் பல இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலுங்கில் மொழிபெயர்க்கப்பட்டன. ஆயினும் ‘உபன்யாஸ்’ என்ற பெயர் அவற்றுடன் வந்து குடியேறவில்லை. தெலுங்கில் ‘உபன்யாசமு’ என்றால் சொற்பொழிவு. தமிழிலும் உபந்நியாசம் என்பது சமயச் சொற்பொழிவையே குறிக்கின்றது. அவ்வாறே வங்காளத்தில் ‘பிரபந்த’ என்பது கட்டுரை, தெலுங்கிலோ காப்பியம். ஒரே வடசொல் வெவ்வேறு மொழிகளில் வெவ்வேறு இலக்கிய வடிவங்களுக்கு உரியதாகிவிட்ட நிலையில், வடமொழி அனைவருக்கும் பொதுவான கலைச்சொற்களை வழங்கும் என்னும் நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவுபடுத்துகின்றது. ‘காதம்பரி’ என்னும் வழியோ தெலுங்கிற்குத் திறந்தே இருந்தது. ‘மகாசுவேத’ அக்கதையின் தழுவலேயாகும். ஆயினும் தெலுங்கர் அவ்வழியிற் செல்லவில்லை.

பெயரின் வரலாறு இலக்கிய வரலாற்றையும் பாதித்தது. தெலுங்கின் முதல் நாவல் எது என்னும் விவாதம் நெடுங்காலமாக நடந்துவந்துள்ளது. உரைநடையில் அமைந்த நெடுங்கதை என்பதே அளவுகோலாயின் 1867ஐ நோக்கிச் செல்லவேண்டும். சுயமாகப் புனையப்பட்ட கதை என்று கொண்டால் 1872 முன்னிற்கும். சமகாலச் சமுதாய வாழ்வின் சித்திரம் என்பதை வற்புறுத்தினால் 1878உம் 1880உம் முதன்மை பெறும். ஆண்டைப் பற்றிய தகராறு போலத் தோன்றும் இது, உண்மையில் சொல்லின் பொருளைப் பற்றிய தகராறேயாகும். சொல் பின்னர்த் தோன்றியமையால் பொருளும் பின்னர்த்தான் தோன்றியது என்று கொள்ளுதல் தவறு. அவ்வாறே, பின்னர்த் தோன்றிய சொல்லைக் கொண்டு முன்னைய நூல்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்துவதும் தவறு. ‘ஸ்ரீ ரங்கராஜ சரித்ர’வின் இரு பெயர்களையே நோக்குக. ‘சரித்ர’ என்பது ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றை நோக்குகின்றது. ‘பரிணயமு’ என்பது மணமுடித்தலில் நிறைவுறும் காப்பிய மரபை நோக்குகின்றது. இருவேறு திசைகளை நோக்கி நிற்கும் நூல் அது. அந்நிலையை விளக்குவதே திறனாய்வாளனின் கடன். ஏதேனும் ஒரு பட்டியலில் அதற்கு இடம் பிடித்துக் கொடுப்பது அன்று.

இனி, வழக்கிற் புகுந்தபின் ‘நவல’ பெற்ற பொருள் விரிவைக் காண்போம். 1890களில் ‘சிந்தாமணி’ இதழ் நடத்திய போட்டிகள் இவ்வடிவத்திற்கு ஊக்கமளித்தன. அவற்றிற் பரிசு பெற்றவருள் ஒருவரான சிலகமர்த்தி லக்ஷ்மீநரசிம்மம், தம் வரலாற்று நாவல்களுக்காக ‘ஆந்திர ஸ்கொட்’ எனப் புகழப்பட்டார். 1922இல் வெளிவந்த உன்னவ லக்ஷ்மீநாராயணவின் ‘மாலபல்லி’ ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வைப் பேச்சுவழக்கோடு இணைத்துக் கூறியது. சென்னை அரசாங்கத்தின் தடைக்கும் உள்ளாயிற்று. குடிபாடி வெங்கட சலம் ஆண் பெண் உறவு பற்றிய சமுதாய விதிகளைக் கேள்விக்குள்ளாக்கினார். விசுவநாத சத்யநாராயண தமது ‘வேயிபடகலு’விலே மரபின் சிதைவைக் காப்பிய விரிவோடு எழுதினார். புச்சிபாபுவும் கோபீசந்தும் தனிமனித உள்ளத்தின் ஆழத்தை ஆராய்ந்தனர். இவையனைத்தும் ‘நவல’ என்னும் ஒரே பெயருக்குள் அடங்கின. ‘வசனப் பிரபந்தம்’ என்ற பெயர் நிலைபெற்றிருப்பின் ‘மாலபல்லி’யை அப்பெயரால் அழைக்க எவரேனும் துணிவரோ என்பது ஐயத்திற்குரியது. சேரியின் வாழ்வும் வாய்மொழியும் பிரபந்தம் என்னும் சொல்லின் நினைவுகளோடு எளிதில் ஒட்டமாட்டா.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பழைய தெலுங்குச் செய்யுள் வழக்கில் ‘நவல’ என்னும் சொல் பெண் என்ற பொருளிலும் வழங்கியுள்ளது. இஃது ஒலியொப்புமை மட்டுமே. இரண்டிற்கும் பிறப்பால் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. ஆயினும், 1960களிலும் 1970களிலும் தெலுங்கு வார இதழ்களிலே தொடர்கதைகளாகப் பெருகிய நாவல்களிற் பெரும் பங்கு ரங்கநாயகம்மா, யத்தனபூடி சுலோசனாராணி, மாலதி சந்தூர் முதலான பெண் எழுத்தாளர்களுடையதாய் அமைந்தது. இக்காலத்தில் ‘நவல’ என்னும் சொல் மற்றொரு பொருட்சாயலையும் பெற்றது. கற்றோர் நூலகத்தில் வைத்துப் போற்றும் நூலை மட்டுமன்றி, இல்லத்தரசியும் மாணவியும் வாரந்தோறும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் தொடரையும் அது குறிக்கலாயிற்று. இதனைச் சொல்லின் இழிவு என்று சில திறனாய்வாளர் கருதக்கூடும். அது பொருத்தமான நோக்கு அன்று. ரங்கநாயகம்மா குடும்ப அமைப்பினுள் பெண் படும் அடிமைத்தனத்தைத் தொடர்கதையின் வாயிலாகவே பல்லாயிரம் வாசகரின் முன் வைத்தார். சுலோசனாராணியின் கதைகளிலே காணப்படும் கனவுலகையும் ரங்கநாயகம்மாவின் விவாத உலகையும் ஒரே சொல் தாங்கி நிற்பதால், அவற்றை வேறுபடுத்தும் பொறுப்பு சொல்லுக்கு உரியதன்று, திறனாய்வுக்கே உரியது.

இதனால், ஆங்கிலச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் முற்றிலும் ஒரே எல்லையுடையன அல்ல என்பது பெறப்படும். ஆங்கிலச் சொல்லின் பெயரடைப் பொருளுக்கு ‘நவல’ பயன்படாது. அங்கே ‘கொத்த’, ‘நூதன’, ‘அபூர்வ’ என்பனவற்றுள் ஒன்றையே தெரிதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘ரொமான்ஸ்’ என்பதற்கு எதிராக நின்று பொருள் பெற்ற சொல், தெலுங்கிலே ‘பிரபந்தம்’ என்பதற்கு எதிராக நின்று பொருள் பெற்றது. எதிர்ச்சொல் மாறியபோது சொல்லின் உட்பொருளும் மாறியது. குறுநாவலுக்கு ‘நவலிக’ என்றும், சிறுகதைக்குக் ‘கதானிக’ என்றும் பெயர்கள் அமைந்தபின், அவற்றினின்று வேறுபட்டது என்னும் வகையிலும் ‘நவல’ மேலும் வரையறை பெற்றது. இருமொழி அகராதி இரு சொற்களையும் நேருக்கு நேர் நிறுத்தலாம். அவற்றைச் சூழ்ந்துள்ள சொற்களின் உறவைத் தனியே தேடியறிவது பயில்வோரின் பொறுப்பு.

இத்தெலுங்கு வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தமிழகத்திலே ‘நாவல்’ என்பதற்கு மாற்றாகப் ‘புதினம்’ என்னும் சொல் ஆக்கப்பட்டது. ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளாகிய புதுமையை மொழிபெயர்த்தமைத்த சொல் அது. தூய தமிழ்ச்சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாழ்ப்பாண வழக்கில் புதினம் என்பது செய்தி. “என்ன புதினம்?” என்று ஒருவரையொருவர் வினவுவதும், செய்தித்தாளைப் ‘புதினப் பத்திரிகை’ என்பதும் நம்மிடையே வேரூன்றிய வழக்குகள். இத்தாலிய மூலச்சொல்லும் ஒருகாலத்தில் செய்தியையே குறித்தது என்பதைக் காட்டி நாம் மகிழலாம். ஆயின், அவ்வொற்றுமை வாசகனின் தடுமாற்றத்தை நீக்காது. தமிழின் ஒரு பகுதியில் ஏற்கெனவே உயிரோடு வழங்கும் சொல்லை, மற்றொரு பகுதியில் வேறு பொருளுக்கு உரியதாக்கியமையின் விளைவு இது. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது நூலுக்குத் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்றே பெயரிட்டார். கடன்சொல் என்பதற்காக நாவல் என்பதை விலக்கவேண்டிய தேவை திறனாய்வுக்கு இல்லை என்பதற்கு இந்நூற்பெயரே போதிய சான்று.

‘நவல’ வெற்றி பெற்றமைக்குக் காரணம் அது சரியான மொழிபெயர்ப்பு என்பதன்று. புதிய நூல் ஒன்றை நேர்மையாக எதிர்கொண்ட திறனாய்வின் நடுவே அது பிறந்தது. பழைய வடிவத்தின் இலக்கணச் சுமையை அது தன்னுடன் கொண்டுவரவில்லை. மொழியின் இலக்கணத்தோடு முரண்படாது அமைந்தது. பின்வந்த எழுத்தாளர்கள் தத்தம் அனுபவத்தால் நிரப்பிக்கொள்ளத்தக்க இடத்தையும் விட்டுவைத்தது. கலைச்சொல் ஆக்குவோர் குழுவாகக் கூடி அகராதியைப் புரட்டும்போது, இந்நான்கையும் கருத்திற் கொள்வாராயின் பயன் விளையும். அவர் ஆக்கிய சொல் நிலைபெறுமா என்பதை இறுதியில் முடிவுசெய்பவர் அச்சொல்லைப் பயன்படுத்தி நல்ல நூலொன்றை எழுதுபவரும், அந்நூலை அக்கறையோடு வாசித்து மதிப்பிடுபவருமேயாவர்.